குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் மகனுக்கு இரண்டு வயது ஐந்து மாதம் ஆகிறது. ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பா’, ‘டாட்டா’ என்ற நான்கு சொற்களுக்கு மேல் அவன் பேசுவதில்லை. ஆனால் ஆங்கில எழுத்துப் பாட்டை ராகம் தவறாமல் முனகுவான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஃபிரிட்ஜ் கதவில் வைப்பான். ‘இவன் அப்பனே மூணு வயசுக்கு அப்புறம்தான் வாயைத் திறந்தான்’ என்று சொல்லி, அத்தை நாக்கில் வசம்பை உரைத்துத் தடவுகிறார். (என் கணவர் என் சொந்த அத்தை மகன்.) காது நன்றாகக் கேட்கிறது, குக்கர் விசில் அடித்தால் திரும்புகிறான். பிளே ஸ்கூலில் சேர்த்தால் சரியாகிவிடும் என்கிறார் கணவர். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நான் போனைக் காட்டித்தான் சோறு ஊட்டுகிறேன். போன் பார்ப்பதால் ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இது என்னால் வந்ததா? இன்னும் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாமா?

ஆர்., மடிப்பாக்கம்

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: பொறுக்க வேண்டாம். பேச்சு, கேட்புப் பயிற்சியாளராக வேலை பார்த்த காலத்தில், ஒரு தாயிடம் ‘ஆறு மாதம் பார்ப்போம்’ என்று நானே சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் குழந்தை நன்றாகச் சிரித்தாள், கண்ணைப் பார்த்தாள், கதவு தட்டினால் திரும்பினாள். ஆறு மாதம் ஒன்றரை வருடமாக நீண்ட பிறகு செய்த பரிசோதனையில் இரண்டு காதிலும் கேட்புக் குறைவு தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தச் சொற்றொடரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஆகவே காதிலிருந்தே தொடங்குவோம். குக்கர் விசிலுக்குத் திரும்புவது காது முழுவதும் அடைபடவில்லை என்பதை மட்டுமே காட்டும். பேச்சில் உயிரெழுத்துகள் உரக்கக் கேட்கும். மெய்யெழுத்துகள் பல மிக மெல்லியவை. பாதி கேட்கும் குழந்தைக்குப் ‘பால்’ என்பதும் ‘கால்’ என்பதும் ஒரே ‘ஆல்’ ஆகப் போய்ச் சேரலாம். அப்படிக் கலங்கிய ஒலியிலிருந்து அவன் எந்தச் சொல்லைப் பிரித்தெடுப்பான்? அடிக்கடி சளி பிடிக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு இதே நிலை வருவதும் உண்டு. பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் பின்னால் குறை தோன்றலாம் என்பதால், அந்தப் பழைய சீட்டை வைத்து ஆறுதல் கொள்ள வேண்டாம்.

நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் வரியையும் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். நெருங்கிய உறவில் மணந்தவர்கள் இருவரும், தங்களுக்கு எந்தக் குறையையும் தராமல் உள்ளே உறங்கும் ஒரே மரபணு மாற்றத்தைச் சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டும் குழந்தையிடம் ஒன்றுசேரும்போது பிறவிக் கேட்புக் குறைவாக அது வெளிப்படலாம். இது பழி சொல்வதற்கான செய்தி அல்ல, பரிசோதனையைத் தள்ளிப்போடாமல் இருப்பதற்கான காரணம். ஒருவேளை குறை இருந்தாலும் செவிக்கருவி, தேவைப்பட்டால் உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவைசிகிச்சை என்று வழிகள் இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்த அறுவைசிகிச்சைக்கும் இடம் உண்டு. ஆனால் இவை சிறு வயதில் தரும் பலனை வளர்ந்த பிறகு தருவதில்லை.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி. உங்கள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் கதவில் வைக்கிறான் என்கிறீர்கள். அப்போது அவன் உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? மாடியில் காக்கையையோ வானத்தில் விமானத்தையோ கண்டால், ‘நீயும் பார்’ என்பதுபோல் விரல் நீட்டிவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறானா? பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? சொற்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் இவை முக்கியமான கேள்விகள். பேச்சு நாக்கில் தொடங்குவதில்லை. ஒன்றைப் பார்த்து அதை இன்னொருவரோடு பகிர்ந்துகொள்ள விரும்பும் இடத்தில் தொடங்குகிறது. கையை ஒரு கருவியைப்போல் பயன்படுத்துவதும், பாட்டைப் பிசகாமல் முனகிக்கொண்டே தன் தேவைக்கு ஒரு சொல்லும் பயன்படுத்தாததும் ஆட்டிசத்தில் காணப்படக்கூடிய குறிகள். ஆட்டிசம்தான் என்று ஒரு கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. ஆட்டிசத்துக்கான, எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட முதற்கட்டப் பரிசோதனை 16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கானது. உங்கள் மகனுக்கு 29 மாதம் ஆகிறது. குழந்தை மருத்துவரைப் பார்க்க இந்த மாதமே போங்கள். இணையத்தில் நீங்களே நிரப்பி, நள்ளிரவில் நீங்களே தீர்ப்பெழுதிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கணவர் மூன்று வயதில் பேசியது உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகத் தொடங்கித் தாமே எட்டிப்பிடிக்கும் குழந்தைகள் இருக்கவே செய்கிறார்கள். ஆனால் யார் எட்டிப்பிடிப்பார், யாருக்கு உதவி வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது என்பதுதான் சிக்கல். மேலும், குடும்பத்தில் ஒருவர் தாமதமாகப் பேசியிருப்பது கூடுதல் கவனம் தேவை என்பதற்கான காரணமாகவே கருதப்படுகிறது. இரண்டு வயதில் ‘பால் வேணும்’, ‘அப்பா வா’ என்று இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துச் சொல்வதை எதிர்பார்க்கிறோம்; ஆண்பிள்ளைக்குத் தனிக் கணக்கு கிடையாது.

வசம்பை நிறுத்தச் சொல்லுங்கள். ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று செல்லப்பெயர் பெற்ற சரக்குதான் என்றாலும், அதிலுள்ள பீட்டா-அசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்காவில் 1968 இலேயே உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள்; பேச்சை அது வரவழைக்கும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. இதற்கு அடுத்தபடியாக யாராவது ‘நாக்கு ஒட்டிக்கிட்டிருக்கு, வெட்டி விடணும்’ என்பார்கள். நாக்கு ஒட்டு சில ஒலிகளின் உச்சரிப்பைப் பாதிக்கலாம், ஆனால் பேச்சே வராததற்கு அது காரணமாகாது.

இனி, போன். 2019 இல் உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் சொன்னது. குழந்தை ‘ஆ’ என்றால் நீங்கள் ‘என்ன கண்ணா, ஆவா?’ என்பீர்கள், போன் அப்படிக் கேட்காது, தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இந்த மாறி மாறிப் பேசும் பழக்கத்துக்கான நேரத்தை அது தின்றுவிடுகிறது என்பதால் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் ‘வர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற நோய்ப்பெயர், மருத்துவர்கள் நோயறியப் பயன்படுத்தும் கையேடுகளில் கிடையாது. தாய்மேல் குற்றம் சுமத்தும் வழக்கம் புதிதும் அல்ல. சென்ற நூற்றாண்டின் நடுவில், பாசம் காட்டாத தாய்களால்தான் ஆட்டிசம் வருகிறது என்று பெரிய நிபுணர்களே எழுதி, அந்தத் தாய்களுக்குக் ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர் 1964 இல் அது உடலியல் சார்ந்தது என்று ஆதாரங்களோடு வாதிட்டபின்தான் அந்தக் கட்டடம் ஆட்டம் கண்டது. இன்று அந்த வேலையை வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டிருக்கிறது. இல்லை ஆர்., இது உங்களால் வந்ததல்ல.

சோறூட்டும்போது போனை ஒரே நாளில் பிடுங்கினால் ரகளைதான் மிஞ்சும்; ஒரு வேளை உணவிலிருந்து தொடங்குங்கள். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று பரீட்சை வைப்பதை அடியோடு விட்டுவிடுங்கள். அவனைச் சமையல் மேடைக்கு எட்டத்தில் முக்காலியில் உட்காரவைத்துத் தோசை வார்க்கும்போது, ‘ஊத்து... சுத்து... திருப்பு’ என்று செய்கையோடு ஒவ்வொரு சொல்லாகச் சொல்லுங்கள். நான்காவது தோசையில் ‘ஊத்து’ என்றதும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்று, மனத்துக்குள் ஐந்து எண்ணும் வரை அவன் முகத்தைப் பார்த்திருங்கள். ஒரு சத்தமோ ஒரு பார்வையோ வந்தால் போதும், அதையே சொல்லாக ஏற்றுக்கொண்டு கரண்டியைச் சுழற்றுங்கள். அந்த ஐந்து நொடி மௌனம் பெரியவர்களுக்குத்தான் கடினம். பிளே ஸ்கூலில் சேருங்கள், தவறில்லை. பரிசோதனைக்குப் பதிலாகச் சேர்க்காதீர்கள். ‘வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்’ என்று அங்கே சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. உங்களுக்குத் தாராளமாக வரும் மொழியில்தான் நீங்கள் தாராளமாகப் பேசுவீர்கள்.

எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகலாம். அரசு மருத்துவமனைகளில், குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டறிந்து உதவும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் கட்டணமின்றி இயங்குகின்றன. மடிப்பாக்கத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் எட்டிப்போகும் தூரத்தில்தான் இருக்கிறது. பெயர்ப்பலகையைக் கண்டு மலைக்க வேண்டாம். பரிசோதனைக்குச் செல்வதால் குழந்தைக்கு எந்த முத்திரையும் விழுந்துவிடாது. கணவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொன்னதை நீங்கள் வீட்டில் வந்து ஒப்பிப்பதும், அவர் தம் காதால் கேட்பதும் ஒன்றல்ல. தூக்கமின்மை தொடர்ந்தால் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் ஆலோசகர்கள் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. பெரா என்ற கேட்புப் பரிசோதனையின்போது தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, நரம்பும் மூளையும் எழுப்பும் மறுமொழியை அளப்பார்கள். வலி எதுவும் இருக்காது, ஆனால் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். அதற்காக முந்தின இரவு தாமதமாகத் தூங்கவைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் கண்ணயர விடாமல் கூட்டி வரச் சொல்வது வழக்கம். பாதி தூரத்தில் தூங்கி, மருத்துவமனை வாசலில் விழித்து, அன்றைய முறை வீணாகித் திரும்பிய குடும்பங்கள் ஏராளம். உங்கள் அத்தையிடம் பாட்டும் கதையும் பொறுமையும் இருக்கின்றன. வசம்பு உரைக்கும் கைக்கு வேறு வேலை கொடுங்கள். ஆட்டோவில் அவனை மடியில் உட்காரவைத்து எழும்பூர் வரை தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள, அவரைவிடத் தகுந்த ஆள் உங்கள் வீட்டில் இல்லை.