அப்டேட் போட்டாச்சு, ரீஸ்டார்ட் பண்ணீங்களா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சர்வரில் உபுண்டு 22.04 ஓடுகிறது. அப்கிரேட் கொடுத்த பிறகும் ஓப்பன்எஸ்எஸ்எல் (இணையத் தொடர்பைக் குறியாக்கம் செய்யும் லைப்ரரி) 3.0.2 என்றே காட்டுகிறது. ஆடிட்காரர்கள் '3.0.7-க்குக் கீழே எல்லாமே ஓட்டை' என்று எழுதிவிட்டார்கள். சோர்ஸிலிருந்து கம்பைல் செய்துவிடலாமா?
– வாசகர், மாரத்தஹள்ளி, பெங்களூரு

பதில்: வேண்டாம். உபுண்டுவில் முதலில் எடுத்த பதிப்பு எண்ணைப் பொதுவாக மாற்றுவதில்லை. திருத்தத்தை மட்டும் அதற்குள் ஒட்டுவார்கள். பேக்போர்ட் என்பது இதுதான். 3.0.7 வந்தது 2022 நவம்பர் 1-ஆம் தேதி. சான்றிதழுக்குள் இருக்கும் மின்னஞ்சல் முகவரியின் ப்யூனிகோடை (பிறமொழி எழுத்துகளை ஆங்கில எழுத்துகளில் எழுதும் முறை) பிரிக்கும்போது பஃபர் (தற்காலிக நினைவகப் பகுதி) நிரம்பி வழிந்த இரண்டு ஓட்டைகளை அது அடைத்தது; ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அவற்றின் எண்கள் சிவிஇ-2022-3602, சிவிஇ-2022-3786. அதே திருத்தம் உபுண்டு 22.04-இல் '3.0.2-0உபுண்டு1.7' என்ற பேக்கேஜில் வந்துவிட்டது. தலை எண்ணை விட்டுவிட்டு வால் எண்ணைப் பாருங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி இருக்கும் 'லிப்எஸ்எஸ்எல்3' பேக்கேஜின் சேஞ்ச்லாகை (மாற்றப் பதிவை) எடுத்து, அந்த சிவிஇ எண் இருக்கும் வரியை ஆடிட்காரருக்கு அனுப்புங்கள். எண்ணை மட்டும் ஒப்பிடும் ஸ்கேனருக்கு இது தெரியாது, பாவம்.

கம்பைல் செய்தால் புதுப் பிரதி வேறு டைரக்டரியில் போய் உட்காரும். கமாண்ட் புது எண்ணைக் காட்டும். என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்) பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். அடுத்த ஓட்டை வரும்போது ஆப்ட் (உபுண்டுவின் அப்டேட் கருவி) உங்கள் பிரதியைத் தொடவும் தொடாது.

கேள்வி: போன வாரமே லைப்ரரியை அப்டேட் செய்து, என்ஜின்எக்ஸுக்கு ரீலோடும் கொடுத்தேன். இனி கவலை இல்லைதானே?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ரீலோடு போதாது. அதில் மாஸ்டர் ப்ராசஸ் சாகாமல் கான்ஃபிகை மட்டும் மறுபடி படித்து, புது வொர்க்கர்களை (வேலை செய்யும் துணை ப்ராசஸ்களை) பெற்றெடுக்கும். மாஸ்டரின் நினைவகத்தில் பழைய லைப்ரரி இருப்பதால் பிள்ளைகளுக்கும் அதுவேதான். டிஸ்க்கில் கோப்பு மாறினாலும், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் அழிந்த பழைய கோப்பை விடாது. ரூட்டாக 'எல்எஸ்ஓஎஃப்' (திறந்திருக்கும் கோப்புகளைப் பட்டியலிடும் கமாண்ட்) ஓட்டி, 'டெல்' (DEL) என்ற குறியோடு ஓப்பன்எஸ்எஸ்எல்லின் கோப்புகளான லிப்எஸ்எஸ்எல் அல்லது லிப்கிரிப்டோ வரும் வரிகளைத் தேடுங்கள். அதில் சிக்கும் போஸ்ட்கிரெஸ், போஸ்ட்ஃபிக்ஸ், என்ஜின்எக்ஸ் எல்லாவற்றுக்கும் முழு ரீஸ்டார்ட் வேண்டும். 'நீட்ரீஸ்டார்ட்' கருவி இதே வேலையைச் செய்து பட்டியல் தரும்.

இதோடு முடியவில்லை. டாக்கர் கன்டெய்னருக்குள் (புரோகிராமைத் தனிப் பெட்டிபோல அடைத்து ஓட்டும் முறை) இருப்பது தனிப் பிரதி. ஹோஸ்ட்டில் போட்ட அப்டேட் அங்கே எட்டாது. இமேஜை மறுபடி கட்டும்போது கேஷைத் தவிர்க்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பழைய ஆப்ட் லேயரையே எடுத்து வைத்துவிடும். நோட்.ஜேஎஸ்ஸின் அதிகாரபூர்வ பில்டுகளும், பைத்தான் 'கிரிப்டோகிராஃபி' வீலும் (முன்பே கட்டிவைத்த பேக்கேஜ்) தங்களுக்குள்ளேயே ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சுமந்து வருகின்றன. அவற்றைத் தனித்தனியாகத்தான் உயர்த்த வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கேள்வி: ஒவ்வொரு அப்டேட்டுக்கும் சர்வரின் சாவியை (பிரைவேட் கீ) மாற்ற வேண்டுமா?
– வாசகி, ஜெயநகர், பெங்களூரு

பதில்: சாவி கசிய வழியிருந்தால் மட்டும். 2022 மார்ச்சில் வந்த சிவிஇ-2022-0778 கோளாறான சான்றிதழைக் கொடுத்து ப்ராசஸை முடிவில்லாத லூப்பில் மாட்டவைத்தது. சர்வர் முடங்கும், சாவி கசியாது. அதனால் அப்டேட்டே போதும். 2014 ஏப்ரலில் வெளியான ஹார்ட்ப்ளீட் அப்படியல்ல. 1.0.1 முதல் 1.0.1எஃப் வரை இருந்த அந்த ஓட்டை, ஒரு கோரிக்கைக்கு 64 கேபி வரை நினைவகத்தை வெளியே கொடுத்தது. லாக்கில் வழக்கமாகத் தடயமே இருக்காது. இந்த மாதிரி நேரத்தில் வரிசை முக்கியம்: முதலில் திருத்தம், பிறகு ரீஸ்டார்ட், அதன்பின் புதுப் பிரைவேட் கீ, அந்தக் கீயால் புது சிஎஸ்ஆர் (சான்றிதழ் கேட்கும் விண்ணப்பம்), புதுச் சான்றிதழ், கடைசியில் பழையதை ரிவோக் (ரத்து) செய்து, பயனர்களின் பாஸ்வேர்டை மாற்றச் சொல்வது. பழைய கீயையே வைத்துப் புதுச் சான்றிதழ் வாங்கினால் பணம்தான் வீண்.

கேள்வி: பழைய சர்வரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1 இருக்கிறது. விட்டுவைக்கலாமா?
– வாசகர், ஒயிட்ஃபீல்டு, பெங்களூரு

பதில்: 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ஆம் தேதியோடு முடிந்தது. 3.0-க்கும் 2026 செப்டம்பர் 7 வரைதான்; 3.5-க்கு 2030 ஏப்ரல் வரை உண்டு. ஓஎஸ்ஸையே உயர்த்துங்கள். 3-இன் கோப்புக்கு 1.1 என்று பெயர் வைத்து சிம்லிங்க் (குறுக்குவழிக் கோப்பு) போடும் தந்திரம் பலிக்காது. ஏபிஐ (ABI – கம்பைல் ஆன புரோகிராமும் லைப்ரரியும் இணையும் முறை) வேறு என்பதால், கேட்ட பதிப்பு இல்லை என்று சொல்லி புரோகிராம் கிளம்பவே மறுக்கும்.