நாயை டிவியில் காட்ட ஏஜென்ட்டுக்குப் பணம் கட்ட வேண்டுமா?

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறோம். என் மனைவி பாட்டுப் பழக எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியைப் போட்டதும், எங்கள் மூன்று வயது பீகிள் நாய் கூடவே ஊளையிடும். இங்குள்ள இரவு நேர காமெடி நிகழ்ச்சி ஒன்றுக்கு வீடியோ அனுப்ப ஆசை. ஒரு ஏஜென்ட், "நாய்க்கு அரசு உரிமமும் பயிற்சிச் சான்றும் வேண்டும், 450 டாலர் கட்டுங்கள்" என்கிறார். கட்டலாமா? மேடையில் நாய் சும்மா நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்: ஒரு டாலர்கூடக் கட்டாதீர்கள். இந்த வகை நிகழ்ச்சிக்கு வழிபோட்டவர் அமெரிக்க டிவி தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன். 1980-இல் அவருடைய காலை நிகழ்ச்சியில் தொடங்கிய 'ஸ்டூப்பிட் பெட் ட்ரிக்ஸ்' (செல்லப்பிராணிகளின் அசட்டு வித்தைகள்) பகுதி, 1982 முதல் அவருடைய இரவு நிகழ்ச்சிக்கும் வந்தது. சாதாரண வீட்டுக்காரர்கள் தங்கள் செல்லப்பிராணியோடு வருவதுதான் அதன் உயிரே. பயிற்சிச் சான்று கேட்கிற இடமில்லை இது.

உரிமம் விஷயத்தில்தான் ஆட்களை ஏமாற்றுகிறார்கள். விலங்குகளைக் காட்சிக்கு வைப்போருக்கு உரிமம் தருவது அமெரிக்க வேளாண் துறை. எட்டு அல்லது அதற்குக் குறைவான செல்லப்பிராணிகளை மட்டும் காட்டுபவருக்கு அது தேவையில்லை. இந்தச் சலுகை வந்தது 2018-இல். உங்களிடம் இருப்பது ஒரு நாய். வாதத்துக்கு, தேவை என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று ஆண்டு உரிமத்துக்கே கட்டணம் 120 டாலர்தான். 450 எங்கிருந்து வந்தது?

ஆனால் குரங்கு இந்தச் சலுகைக்குள் வராது. ஒரே ஒரு குரங்கு என்றாலும் வராது. குட்டியிலிருந்து வீட்டில் வளர்ந்தது, சட்டை போட்டுக்கொள்ளும், கை கொடுக்கும் என்றாலும் வராது. நண்பர் வீட்டுக் குரங்கையும் சேர்த்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு எளிய பதிலை விதிகளின் உட்பிரிவுக்குள் உட்பிரிவாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். "உனக்கு உரிமம் வேண்டாம்" என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதிவைத்தால் பாதி ஏஜென்ட்டுகள் கடையை மூடிவிடுவார்கள். எத்தனை வருடம் ஆனாலும் அதைச் செய்ய மனம் வரவில்லை. அடுத்து உங்களிடம் பணம் கேட்ட அதே ஏஜென்ட், ஹோட்டலிலும் விமானத்திலும் நாயை ஏற்ற 'சேவை நாய்ப் பதிவு அட்டை' (மாற்றுத் திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய நாய் என்று காட்டும் அட்டை) விற்க வருவார். அமெரிக்க மத்திய அரசிடம் அப்படி ஒரு பதிவேடே கிடையாது. நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டியது வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று.

இனி நாய். முதலில் ஒன்றைப் பாருங்கள்: கதவைத் திறந்து வைத்துச் சுருதியைப் போட்டால் பீகிள் பெட்டியை நோக்கி வருகிறதா, வெளியே போகிறதா? காதைப் பின்னால் ஒட்டி, வாலை இடுக்கிக்கொண்டு விலகினால் அது வேதனை. வீடியோவே வேண்டாம்.

வருகிறது என்றால், வீட்டில் செய்வது ஸ்டுடியோவில் நின்றுபோக மூன்று காரணம் உண்டு. ஒன்று, தரை. பளபளப்பான தரையில் கால் வழுக்கினால் நாய் நிற்பதிலேயே கவனமாகிவிடும். வீட்டில் ரப்பர் அடி வைத்த ஒரு விரிப்பில் பழக்கி, அதையே கொண்டுபோங்கள். இரண்டு, கைதட்டல். பதிவு செய்த கைதட்டலை மெல்லிய ஒலியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டு கொடுத்து, சில வாரங்களில் கூட்டுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். நண்பர் வீடு, பூங்கா என்று இடத்தையும் மாற்றுங்கள்.

மூன்றாவதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். சுருதியை ஸ்டுடியோ ஸ்பீக்கரில் போட்டால் சத்தம் மேலிருந்து வரும். நாய் ஊளையிடாமல் தலையைச் சாய்த்து மேலே தேடும். வீட்டுப் பெட்டியையே, அதே கட்டையில் (சுருதி அளவில்), விரிப்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்து அதன்மேல் மைக் வைக்கச் சொல்லுங்கள். ஒத்திகையில் ஒரே ஒரு முறை ஊளையிட்டால் போதும், உடனே பெட்டியை அணைத்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துவிடும்.

அனுப்பும் வீடியோவில் பின்னணி இசை சேர்க்காதீர்கள், வெட்டி ஒட்டாதீர்கள். பெட்டியைத் தட்டுவதற்குச் சற்று முன்பிருந்தே படம் ஓடட்டும். நிகழ்ச்சிக்காரர்கள் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த வீடியோவை நீங்கள் வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை மாதத்துக்கு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.