அமிலத்திலும் ஆக்சிஜனேற்றத்திலும் பாக்டீரியா: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: இரைப்பையில் பிஎச் 2-ஐ ஒட்டி இருக்கையில் ஈ.கோலை எப்படித் தப்பிக் குடலை அடைகிறது?

பதில்: உள்ளே நுழைந்த புரோட்டானை, அதாவது அமிலம் தரும் ஹைட்ரஜன் அயனியை, செலவழித்துத்தான். குளுட்டமேட் என்னும் அமினோ அமிலத்தைக் காபா என்னும் சேர்மமாக மாற்றும் நொதி ஒவ்வொரு முறையும் ஒரு புரோட்டானை விழுங்குகிறது. விளைந்த காபாவை வெளியே தள்ளும் சவ்வுக் கடத்தி, அதற்கு ஈடாகப் புதிய குளுட்டமேட்டை உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே பிஎச் 2.5 இருந்தாலும் உள்ளே 4-ஐ ஒட்டி நிற்பதால், வளராவிட்டாலும் சில மணி நேரம் உயிர் தங்கும்.

கேள்வி: இரைப்பையிலேயே வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவுக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை. அது யூரியாவைச் சிதைத்து அம்மோனியாவால் அமிலத்தை நடுநிலையாக்குகிறது.

கேள்வி: பிஎச் 3-இல் என் ஈ.கோலை அரை மணியில் இறந்துவிட்டது. நண்பரின் ஆய்வகத்தில் அதே வகை இரண்டு மணி நேரம் தாங்குகிறது. யார் செய்தது தவறு?

பதில்: எந்த அமிலம், எந்த வளர்நிலை, எந்த ஊடகம் என்ற மூன்றையும் எழுதாமல் தீர்ப்பை மட்டும் கேட்கிறீர்கள். வேகமாகப் பெருகும் மடக்கை நிலையில் எடுத்த செல்லும், இரவு முழுவதும் வளர்ந்து, பெருக்கம் நின்ற தேக்க நிலையை அடைந்த செல்லும் அமிலத்தின் முன் ஒன்றல்ல. தேக்க நிலையில் ஆர்பிஓஎஸ் என்னும் சிக்மா காரணி (எந்த மரபணுக்கள் இயங்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் புரதம்) பாதுகாப்பு மரபணுக்களை முன்கூட்டியே இயக்கிவிடுகிறது. பிஎச் 5.5-இல் சிறிது நேரம் பழகிய செல் இன்னும் நன்றாகத் தாங்கும். ஊடகத்தில் குளுட்டமேட் இல்லையென்றால் மேலே சொன்ன வழியே அடைபட்டுவிடும். அமிலமும் முக்கியம்: பிஎச் 3-இல் அசிட்டிக் அமிலம் பெரும்பாலும் பிரியாத மூலக்கூறாகவே இருப்பதால் சவ்வைக் கடந்து உள்ளே போய்ப் பிரிகிறது, ஹைட்ரோகுளோரிக் அமிலம் அப்படி நுழைவதில்லை. ஆய்வேடுகளைத் திருத்தும்போதெல்லாம் என்னைச் சலிப்படையச் செய்வது, வெறும் பிஎச் எண்ணோடு முடிந்துவிடும் இந்தச் செய்முறைக் குறிப்புதான். அமிலத்தின் பெயரையும் வளர்நிலையையும் எழுதாமல் பிஎச் எண்ணை எழுதாதீர்கள். நீங்கள் இருவரும் செய்தது சரியாகவே இருக்கலாம்.

கேள்வி: நறுக்கிய காய்கறியில் எலுமிச்சை பிழிந்தால் கிருமி செத்துவிடுமா?

பதில்: நம்பாதீர்கள். 1996-இல் அமெரிக்காவில் பாஸ்டர் முறையில் சூடாக்காத ஆப்பிள் சாறு, பிஎச் 4-க்கும் கீழே இருந்தும், ஈ.கோலையின் நச்சு வகையான ஓ157-ஐச் சுமந்து 70 பேரளவில் நோயில் தள்ளியது. ஒரு குழந்தை இறந்தது. மிதமான அமிலம் கிருமியைப் பழக்கிவிடவும் கூடும்.

கேள்வி: ஹைட்ரஜன் பெராக்சைடு வந்திருப்பதை பாக்டீரியா எப்படி உணர்கிறது?

பதில்: ஈ.கோலையில் ஆக்ஸிஆர் புரதத்தின் 199, 208-ஆம் இடங்களில் உள்ள சிஸ்டீன் அமினோ அமிலங்கள் பெராக்சைடு பட்டதும் டைசல்பைடு என்னும் கந்தகப் பிணைப்பால் இணைகின்றன. உருமாறிய புரதம், பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி முதலியவற்றின் மரபணுக்களைத் தூண்டுகிறது. கூடவே டிபிஎஸ் புரதம் இரும்பை அடைத்து வைக்கிறது. கட்டற்ற இரும்பு பெராக்சைடோடு சேர்ந்தால் டிஎன்ஏவைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் இயங்குறுப்பு (மிக வேகமாக வினைபுரியும் மூலக்கூறுத் துண்டு) பிறக்கும். சிறிதளவு பெராக்சைடில் பழகியதால் வந்த இந்தத் தாங்குதிறனைத் திடீர்மாற்றம் என்று எழுதாதீர்கள். மரபணு மாறுவதில்லை, அதன் இயக்கம்தான் மாறுகிறது.

கேள்வி: லாக்டோபேசில்லஸுக்குக் கேட்டலேஸ் இல்லை என்கிறார்கள், பெராக்சைடு விட்டபோது எனக்குக் குமிழி வந்ததே?

பதில்: ரத்தம் கலந்த அகார் ஊடகத்திலிருந்து சுரண்டினீர்களா, நிக்ரோம் என்னும் உலோகக் கலவைக் கம்பி வளையத்தால் எடுத்தீர்களா? சிவப்பணுக்களில் கேட்டலேஸ் உண்டு. நிக்ரோமும் குமிழி எழுப்பும். ரத்தம் கலக்காத அகாரில் வளர்த்து, மரக்குச்சியால் எடுத்துப் பாருங்கள்.