ஆயிரம் கையெழுத்தும் ஒரு வாக்கியமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

கிராம சபை பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் ஆறு பேர் சேர்ந்து ஒரு சிறு குழு ஆரம்பித்தோம். கிராம சபையில் போடுகிற தீர்மானம் எதுவும் நடப்பதில்லை. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. இதை மாற்ற வேண்டும் என்று வீடு வீடாகப் போய் 1,140 கையெழுத்து வாங்கினோம். கிராம சபைக்கு முழு அதிகாரம், ஊழலற்ற நிர்வாகம், வெளிப்படையான கணக்கு, ஊராட்சிக்குக் கூடுதல் நிதி, உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்துவது என ஐந்து கோரிக்கைகள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து, ‘வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது’ என்று பதில் வந்தது. அங்கிருந்து மனு ஊராட்சிச் செயலரிடமே வந்துவிட்டது. அவர் எங்களைக் கூப்பிட்டு, “என்னப்பா இது?” என்று கேட்டார். குழுவில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். சாதாரண ஜனங்கள் கேட்டு அரசாங்கத்தின் சட்டதிட்டம் மாறுமா? மாறும் என்றால் நாங்கள் எங்கே தவறினோம்?

க.

அன்புள்ள க.,

மாறும். மாறியிருக்கிறது. உங்கள் 1,140 கையெழுத்தும் வீணாகவில்லை, அந்தத் தாள்களைப் பத்திரமாக வையுங்கள். பிசகு கையெழுத்துகளுக்கு மேலே எழுதியிருந்த வாசகத்தில் இருக்கிறது.

அந்த ஐந்து கோரிக்கைகளும் ஒரே வாசலுக்கு உரியவை அல்ல. கிராம சபைக்கு என்ன அதிகாரம் என்பதை முடிவு செய்வது மாநிலச் சட்டமன்றம். அரசியல் சாசனத்தின் 243-ஏ பிரிவு அந்த வேலையை அதனிடம்தான் விட்டிருக்கிறது. ஊராட்சிகளுக்கு எவ்வளவு நிதி என்று பரிந்துரைப்பது மாநில நிதி ஆணையம். தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். ‘ஊழலற்ற நிர்வாகம்’ என்பதற்கு வாசலே கிடையாது, எந்த அதிகாரியும் அதற்கு ஆம் என்றோ முடியாது என்றோ பதில் எழுத இயலாது. ஐந்தில் ஆட்சியரின் கைக்கு நேராக எட்டுவது கணக்கை வெளிப்படையாக வைப்பது ஒன்றுதான், ஏனென்றால் மாவட்டத்தில் ஊராட்சிகளின் ஆய்வாளர் அவரே. அந்த ஒன்று மற்ற நான்கோடு சேர்ந்து மூழ்கிவிட்டது. மனுவைப் பிரித்து அனுப்பும் எழுத்தருக்கு ‘ஊராட்சி’ என்ற சொல் மட்டும்தான் பிடி கொடுத்திருக்கும். இப்படிப்பட்ட மனு கீழ்நோக்கியே ஓடும், ‘முடிவு செய்யப்பட்டது’ என்று எழுதக்கூடிய கடைசி ஆளிடம் போய் நிற்கும். செயலர் மீது கோபப்படாதீர்கள். அவரால் தரமுடியாத ஐந்து விஷயங்களைக் கேட்கும் தாள் அவர் மேசைக்கு வந்திருக்கிறது.

ஜனங்கள் கேட்டு மாறியதற்கு ராஜஸ்தானைச் சொல்கிறேன். மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1990-இல் அங்கே தேவ்டுங்ரி என்ற சிற்றூரை மையமாகக் கொண்டு தொடங்கியது. பஞ்ச நிவாரண வேலைக்குக் கூலி சரியாகக் கிடைக்கவில்லை என்பதே அவர்களின் பிரச்சினை. ‘அளவெடுத்ததில் வேலை குறைவாக இருக்கிறது’ என்று அதிகாரி சொல்வார், அளவெடுத்த பதிவேட்டைக் காட்டமாட்டார். 1994 டிசம்பரில் கோட்கிரானாவில் ஒரு பொது விசாரணை வைத்து, கிடைத்த வருகைப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்தது அப்போது எல்லோர் காதிலும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ‘ஊழலை ஒழி’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கவில்லை. ஊராட்சிச் செலவு ஆவணங்களின் ஒளிநகல் வேண்டும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

1995 ஏப்ரலில் முதலமைச்சர் பைரோன்சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் அதற்கு ஒப்புக்கொண்டார். ஓராண்டாகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6 அன்று பியாவர் நகரில் தர்ணாவில் உட்கார்ந்தார்கள், அது 40 நாள் நீடித்தது. அரசு ஓர் ஆணை போட்டது: ஆவணத்தைப் பார்க்கலாம், கையால் குறிப்பெடுக்கலாம், ஒளிநகல் கிடையாது. அவர்கள் எழுந்துவிடவில்லை. கையால் எழுதிய குறிப்பை எந்த விசாரணையிலும் ஆதாரமாக வைக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். ஊராட்சி விதிகளைத் திருத்தி நகல் பெறும் உரிமையைத் தந்துவிட்டதாக அரசு 1997-இல் அறிவித்தது. மாநிலச் சட்டம் 2000-இல் வந்தது, நாடு முழுமைக்குமான தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இல். முதலில் விதி, பிறகு சட்டம் என்ற அந்த வரிசையைக் கவனியுங்கள்.

நம் பக்கம் நடந்தது வேறு. இந்தியாவிலேயே முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு, 1997-இலேயே. அதில் விலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்தது, மக்கள் அதைக் கையில் எடுக்கவுமில்லை. தன் கூலிக்காக அதைக் கேட்டவர்கள் பின்னால் இல்லாததால் ஒளிநகல் போன்ற ஒரு சின்னச் சொல்லுக்காக யாரும் அதில் மல்லுக்கு நிற்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் மாற்ற நினைப்பது எந்த அடுக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். சட்டம், விதி, அரசாணை, சுற்றறிக்கை என நான்கு அடுக்கு. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 3-ஆம் பிரிவு கிராம சபையைப் பற்றியது. கூட்டம் கூட்டும் முறையைச் சொல்வது 1998-ஆம் ஆண்டின் விதிகள். குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி என்று நான்காக இருந்த கூட்டங்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களையும் சேர்த்து ஆறாக்குவதாக அரசு 2022-இல் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் அரசின் முடிவால் வந்தது அரசின் முடிவாலேயே நிற்கவும் கூடும். 2020 அக்டோபர் 2 கூட்டம் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. அடுக்கு மேலே போகப் போகக் கிடைப்பது கடினம், பறிபோவதும் கடினம். சட்டத்திருத்தத்தில் ஆரம்பித்தால் உங்களுக்குப் பத்து வருடம் ஆகும். சுற்றறிக்கையோடு நின்றுவிட்டால் அடுத்த அதிகாரி வரும்வரைதான். முதல் இலக்கு விதித்திருத்தமாக இருக்கட்டும் என்பது என் கருத்து.

அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தால் கிராம சபை என்ன செய்யும் என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி மலைப்பகுதி சான்று. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாக்சைட் சுரங்கம் பற்றி அங்குள்ள கிராம சபைகளே கருத்துச் சொல்லட்டும் என்றது. 12 கிராம சபைகள் கூடின, பன்னிரண்டும் வேண்டாம் என்றன, சுரங்கத்துக்கான அனுமதி மறுக்கப்பட்டது. நீதிமன்றம் பிடித்துக்கொண்ட கொம்பு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஹைட்ரோகார்பனுக்கு எதிராக நம் டெல்டா கிராம சபைகள் போட்ட தீர்மானங்களுக்கு அப்படி ஒரு சட்டக்கொம்பு இல்லை. அவை அரசியல் அழுத்தமாகத் திரண்டன, 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. இரண்டுமே வழிதான், ஆனால் இரண்டாவது வழியில் ஊர் ஊராகக் கூட்டம் சேர்க்க வேண்டும். ஆறு பேருக்கு முதல் வழி நல்லது.

ஆகவே ஐந்து கோரிக்கைகளையும் ஒரே வாக்கியமாக்குங்கள். அந்த வாக்கியத்தை அதிகாரி அப்படியே எடுத்து விதியில் ஒட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பார்க்கலாம்: ‘கிராம சபையின் ஒவ்வொரு தீர்மானத்தின் நகலும் 7 நாள்களுக்குள் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்; தீர்மானம் எந்த அலுவலரைச் சார்ந்ததோ அவர் 45 நாள்களுக்குள் எழுத்துமூலம் பதில் தர வேண்டும்; அப்பதில் அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வாசிக்கப்பட வேண்டும்.’ யார், என்ன, எத்தனை நாளில் என்ற மூன்றும் இதில் இருக்கின்றன. ‘விரைந்து’, ‘உரிய’, ‘ஆவன செய்ய’ போன்ற சொற்களை அடித்துவிடுங்கள். அவற்றுக்குள் எதை வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம்.

வாக்கியத்துக்கு ஆதாரம் வேண்டும். ‘தீர்மானம் எதுவும் நடப்பதில்லை’ என்பது உங்கள் அனுபவம், அதைக் கணக்காக மாற்றுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு விண்ணப்பம் போதும். கடந்த மூன்று ஆண்டுகளின் கிராம சபைத் தீர்மானப் பதிவேடு, வருகைப் பதிவேடு, ஒவ்வொரு தீர்மானமும் எந்த அலுவலகத்துக்கு எந்தக் கடித எண்ணில் எந்த நாளில் அனுப்பப்பட்டது, இவ்வளவுதான் கேட்கவேண்டியது. ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணமும் விளக்கமும் பதிவேட்டில் இல்லையென்றால் அது தகவலே ஆகாது என்று தள்ளிவிட முடியும், அந்த ஒரு கேள்வியைச் சாக்காக வைத்து மற்றவற்றையும் இழுத்தடிப்பார்கள். நகலோடு பதிவேட்டை நேரில் ஆய்வு செய்யவும் அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. நகலில் விடுபட்ட பக்கம் நேரில் பார்த்தால்தான் தெரியும். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்கும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். முதல் மேல்முறையீட்டுக்கான நாளைத் தவறவிட்டுவிட்டு ‘சட்டமே பயனில்லை’ என்று சொல்பவர்கள்தான் நிறைய. நாட்காட்டியில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.

கிடைத்ததை ஒரே தாளில் அட்டவணையாக்குங்கள்: கூட்ட நாள், தீர்மானம், அனுப்பிய கடித எண், பதில் வந்த நாள், இன்றைய நிலை. காலியாக இருக்கும் கட்டங்களே உங்கள் வாதம்.

பிறகு கிராம சபை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பாவது அறிவிப்பு வரவேண்டும். அதற்கும் முன்னதாகவே உங்கள் வாக்கியத்தைக் கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலரின் கீழ் வந்த ஊராட்சி என்றால் அவரிடம் கொடுக்க வேண்டும். பொருள் பட்டியல் மேலிருந்து அச்சாகி வருகிறது, அதில் இடமில்லை என்பார்கள். ‘இதர பொருட்கள்’ என்று கடைசியில் ஒன்று இருக்கும், அதில் சேர்க்கக் கேளுங்கள். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. ‘ஆள் சேரவில்லை’ என்ற காரணத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அதிகம் கெட்டுப்போகும் இடம் இதுதான். வருகைப் பதிவேட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள், தீர்மானம் பிறகு எழுதப்படுகிறது. நீங்கள் சொன்ன வாக்கியம் ‘கிராம சபையை மேம்படுத்த வேண்டும்’ என்று சுருங்கிப் பதிவாகும். கூட்டம் கலையும் முன் தீர்மானத்தை முழுதாக எழுதச் சொல்லி உரக்கப் படிக்க வைத்து, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சண்டையாகச் செய்யாதீர்கள். நல்ல கையெழுத்துள்ள ஒருவரை எழுத உதவிக்கு அனுப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். வரவு செலவு விவரத்தைப் படிவம் 30-இல் கூட்டத்தில் வைக்க வேண்டும் என்று ஏற்கெனவே அறிவுறுத்தல் உண்டு. அது பலகையாகத் தொங்குகிறதா என்பதையும் அன்றே பாருங்கள்.

ஒன்றை மனத்தாங்கல் இல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் 1,140 பெயர்களில் எத்தனை பெண்கள், காலனித் தெருவிலிருந்து எத்தனை பேர்? உங்கள் கடிதத்தில் அது இல்லை. கூட்டம் கோயில் மண்டபத்தில் நடந்தால் யார் வாசலோடு நின்றுவிடுகிறார்கள் என்று எல்லா ஊருக்கும் தெரியும். அவர்களில்லாமல் வரும் சீர்திருத்தம் ஏற்கெனவே பேசுகிறவர்களின் குரலைத்தான் இன்னும் பெரிதாக்கும். கூட்டம் எல்லோரும் வந்து உட்காரக்கூடிய பொது இடத்தில் நடக்க வேண்டும் என்பதை வாக்கியத்தின் முதல் பகுதியாகவே சேர்த்துவிடலாம். சேர்த்தால் ஊருக்குள் எதிர்ப்பு வரும். வந்தாலும் சேருங்கள்.

இதே வாக்கியத்தை, ஒரு எழுத்தும் மாறாமல், பக்கத்து ஊராட்சிகள் நான்கைந்து நிறைவேற்றினால் பலம் கூடும். அதே சமயம் ஆதார அட்டவணை ஊருக்கு ஊர் தனியாக இருக்க வேண்டும். திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முறையை மாற்ற மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவுக்கு லட்சக்கணக்கில் கருத்துகள் போயின. ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்பினால், எத்தனை ஆயிரம் வந்தாலும் அது ஒரே கருத்து என்று ஒதுக்கிவிட முடியும். அப்போது கண்ணுக்குத் தெரிய அரசை அசைத்தவற்றில் ஒன்று டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன ஒரு குறுகிய கோரிக்கை: வரைவை மற்ற மொழிகளிலும் தாருங்கள், கால அவகாசத்தை நீட்டுங்கள். நீதிமன்றம் இரண்டுக்கும் இசைந்தது.

தீர்மானமும் அட்டவணையும் கையில் வந்தபின் ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறையின் செயலாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அந்தத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அதன் செலவுக்கான நிதி ஒதுக்கீட்டு விவாதம், சட்டமன்றத்தில் வருவதற்கு மூன்று வாரம் முன்பு உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். இரண்டு பக்கம் என்றால் படிக்கமாட்டார்கள். அவர்களிடம் ‘ஆதரவு தாருங்கள்’ என்று சொல்லாமல், கேட்கவேண்டிய வினாவையே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சட்டமன்ற மனுக்கள் குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் மூலம் செய்தி வரும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, ஒரே துறை என்பது அவர்கள் விதி. நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதை எடுக்கமாட்டார்கள். பழைய ஐந்து அம்ச மனு அங்கேயும் நின்றிருக்காது. வழக்குக்கு அவசரப்பட வேண்டாம் என்பதற்கும் இது ஒரு காரணம்.

விலகிய இருவரையும் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்கள். பதிவேட்டை ஆய்வு செய்யப் போகும்போது படிக்க ஒருவர், எழுத ஒருவர் வேண்டும்.