முகத்துவார மீன் நோய்த் துறை: மகளைச் சேர்க்கும் முன் பெற்றோர் பார்க்க வேண்டியவை

முகத்துவாரங்களில் மீன்கள் உடம்பெல்லாம் புண்ணாகிச் செத்து மிதப்பது ஏன் என்று கண்டறியும் வேலைக்குப் போக உங்கள் மகள் ஆசைப்படுகிறார். அதை நம்பிப் படிக்க வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். மீன்வள ஆய்வகங்கள், மீன் பண்ணைகள், மீன் தடுப்பூசித் தயாரிப்பு, நீர்நிலைக் கண்காணிப்பு என்று வேலைக்கு இடங்கள் உண்டு. மீன்வள அறிவியல், கால்நடை மருத்துவம், நுண்ணுயிரியல் மூன்றுமே வழிதான். ஆனால் பட்டத்தின் பெயரைவிடப் பாடத்திட்டத்தில் திசு நோயியல், அதாவது திசுவை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் நோயைக் கண்டறியும் செய்முறை உண்டா என்பதே முக்கியம்.

காரணம் இதுதான். திறந்த புண்ணைத் துடைத்து நுண்ணுயிர் வளர்க்கும் கூழான அகாரில் தேய்த்தால் ஏரோமோனாஸோ விப்ரியோவோ ஆகிய பாக்டீரியா வளர்ந்துவிடும். பல நேரங்களில் அவை பின்னால் குடியேறியவை. புண்ணைத் தொடங்கி வைத்தது எது என்று திசுவை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். 1990களில் அமெரிக்காவின் பாம்லிகோ, செசபீக் முகத்துவாரப் பகுதிகளில் மென்ஹேடன் மீன்களில் ஆழ்ந்த புண்கள் கண்டபோது, ஃபிஸ்டீரியா என்ற நுண்ணுயிரின் நஞ்சே காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. 1997இல் அங்குள்ள போகோமோக் ஆற்றின் ஒரு பகுதியையே மூடினார்கள். திசுவை ஆராய்ந்தவர்களோ தசைக்குள் ஊடுருவிய இழைகளைக் கண்டார்கள். அது அஃபனோமைசிஸ் இன்வடன்ஸ். பூஞ்சை போலத் தெரியும் நீர்ப்பூசணம். அதன் வித்துகளைச் செலுத்தி ஆய்வகத்தில் அதே புண்ணை உண்டாக்கியும் காட்டினார்கள்.

இந்த உயிரியைப் பிரித்தெடுக்கப் பொறுமை வேண்டும். செத்து நாறிய மீன் உதவாது. உயிருள்ள மீனில், வெளிறிச் சற்றே மேடிட்ட இளம்புண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன் ஓரத்துச் செதில்களை நீக்கி, பழுக்கக் காய்ச்சிய கரண்டியால் தோலைச் சுட்டு, அடியிலுள்ள தசையில் 2 கன மில்லிமீட்டர் அளவு எடுத்து, பாக்டீரியாவைத் தடுக்கும் பெனிசிலினும் ஆக்சோலினிக் அமிலமும் கலந்த அகாரில் வைப்பார்கள். சுடாமல் விட்டால் பாக்டீரியா தட்டை மூடிவிடும். வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வகப் பழக்கத்தில் 37 டிகிரியில் வைத்தால் வளரவே வளராது. திசு ஆய்வுக்கான துண்டுகளை உறைய வைக்கவும் கூடாது. பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். திசுவின் அளவைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலினில், அதாவது திசுவைக் கெடாமல் காக்கும் கரைசலில் போட வேண்டும்.

நீரையும் படிக்கத் தெரிய வேண்டும். கனமழைக்குப் பின் உப்புத்தன்மை இறங்கும்போதுதான் இதன் வித்துகள் பெருகிப் பரவும். பல இன மீன்கள் புண்ணே இல்லாமல் விடியற்காலையில் ஒரேயடியாகச் செத்திருந்தால், முதலில் ஆக்சிஜன் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். ஆகவே வெப்பம், உப்புத்தன்மை, ஆக்சிஜன் மூன்றையும் கரையிலேயே அளந்துவிட வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற பாக்டீரியா கையிலுள்ள கீறல் வழியாக நுழைந்து எளிதில் ஆறாத புண்ணை உண்டாக்கும். விப்ரியோ வல்னிஃபிகஸ் உயிருக்கே ஆபத்தாகலாம், குறிப்பாகக் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு. கையுறை அணிவதை முதல் நாளிலிருந்தே கட்டாயமாக்கும் ஆய்வகமே நல்ல ஆய்வகம்.

சேர்க்கைக்கு முன் கல்லூரிக்கு நேரில் போய் இரண்டு கேள்விகள் கேளுங்கள். திசுவைச் சீவும் மைக்ரோடோமை மாணவர்களே இயக்குகிறார்களா? மாதிரி எடுக்க நீர்நிலைக்கு அழைத்துப் போகிறார்களா? இரண்டுக்கும் இல்லை என்றால் வேறு கல்லூரி பாருங்கள்.