தலைப்பு தெரியாத பேச்சுக்கு ஆயத்தம்

வாசகர் கேள்விகள். பதில்: திருகோணமலையிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்

என் மகள் தரம் 10. எழுதிக் கொடுத்தால் பாடமாக்கி அழகாகப் பேசுவாள். இந்த முறை திடீர்ப் பேச்சுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்தபின் ஐந்து நிமிடம் யோசிக்கலாம், நாலு நிமிடம் பேச வேண்டும். தலைப்பே தெரியாத பேச்சுக்கு எப்படி ஆயத்தம் செய்வது, ரீச்சர்?
– ஒரு தாய், நிலாவெளி

தங்கச்சி, நான் விட்ட பிழையிலிருந்தே தொடங்குகிறேன். படிப்பிக்க வந்து நாலைந்து வருடம் இருக்கும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் என்று நம்பி ஒரு முன்னுரை எழுதி, ஒரு பிள்ளைக்குப் பாடமாக்கக் கொடுத்தேன். அன்று அவளுக்கு விழுந்த சீட்டு 'தாகம்'. முன்னுரையை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஒரு நிமிடம் போய்விட்டது. பிறகு தாகத்துக்கு எப்படி வருவதென்று தெரியாமல் சட்டை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். மண்டபத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டுந்தான். அவள் வீட்டுக் கிணறு ஆவணியில் உவர்த்துப் போகும், குடத்தோடு அடுத்த ஒழுங்கைக்குப் போகிறவள் அவள்தான் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. நாலு நிமிடம் பேச அது போதாதா? அதைக் கேட்டறியாமல் என் வசனங்களை அவள் வாயில் திணித்துவிட்டேன். இன்றைக்கும் அந்த முகம் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதலில் ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். நாளுக்குக் கண்ணால் கண்டது ஒன்று, வாசித்தது ஒன்று, இரண்டையும் மகள் எழுதட்டும். கண்டதை எழுதினால் இடமும் நேரமும் தெரிய வேண்டும். என்னிடம் பயின்ற ஒரு பையன் எழுதியிருந்தான்: பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் ஒரு புள்ளிமான் குப்பைக்குள்ளிருந்து சோறு சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் ஒன்றை இழுத்து, ஒட்டியிருந்த சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கியதாம். அந்தக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிற நாம் எல்லோரும் அந்த மான்களைப் பார்க்கிறவர்கள்தான். அவன் நின்று பார்த்தான். பிளாஸ்ரிக் என்ற தலைப்புக்கு அந்த மானைக் கொண்டுவந்தான், 'பசி'க்கும் கொண்டுவந்தான். ஒருமுறை 'விருந்தாளி' விழுந்தது. அதற்கும் அதே மான் வந்தது, எனக்குப் புல்லரித்தது.

வாசித்ததில் ஆண்டும் எண்ணும் சரியாக இருக்க வேண்டும். கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது 1986 ஏப்ரல் 20. யப்பானிய விமானங்கள் நம் ஊரில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. சுனாமி 2004 டிசம்பர் 26. இப்படிப் பத்துப் பன்னிரண்டு மனதில் நின்றால் நீர், போர், கடல் என்று எது வந்தாலும் பிள்ளைக்குக் காலூன்ற இடமிருக்கும். அமெரிக்கப் பள்ளிகளில் இதே வகைப் போட்டிக்கு மூன்று தலைப்பு எடுத்து ஒன்றைத் தெரிவுசெய்து, 30 நிமிடம் ஆயத்தம் செய்து, 7 நிமிடம் பேசுவார்கள். பத்திரிகைக் கட்டுரைகளைச் சேர்த்துக் கோப்புக் கோப்பாக வைத்திருப்பார்கள். உங்கள் மகளுக்கு இருப்பது ஐந்து நிமிடம். கோப்பு தலைக்குள் இருந்தாக வேண்டும்.

இனிப் பயிற்சி. பழைய பால்மா ரின் ஒன்றில் வீட்டிலுள்ள எல்லோரும் சீட்டு எழுதிப் போடுங்கள், அம்மம்மாவையும் விடாதீர்கள். ஒரு சொல் தலைப்பு நிறைய இருக்கட்டும்: கதவு, கடன், வரிசை, உப்பு. இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு சீட்டு. முதல் நிமிடம் பேனையைத் தொடக் கூடாது. 'இதில் நான் கண்டது என்ன?' என்று மட்டும் யோசிக்க வேண்டும். அடுத்து கடைசி வசனத்தை எழுத வேண்டும். ஆம், கடைசி வசனத்தைத்தான் முதலில். முடிக்கத் தெரியாத பிள்ளைகள் எச்சரிக்கை மணி அடித்த பிறகும் சொன்னதையே சுற்றிச் சுற்றி வருவதை எத்தனையோ போட்டிகளில் பார்த்திருக்கிறேன்.

'உப்பு' வந்தது என்று வையுங்கள். உங்கள் ஊரில் உப்பளம் இருக்கிறது. தாளில் 'உப்பள வெயில், வெடித்த கால்' என்று ஒரு வரி, 'அம்மம்மா, கருவாடு' என்று இன்னொரு வரி. அடியில், 'கறிக்கு உப்புப் போடும்போது அந்தக் கால்களை நினைப்பேன்' என்ற கடைசி வசனம். அவ்வளவுதான். முழுதாக எழுதினால் கண் தாளை விட்டு எழும்பாது. மிச்ச நேரத்தில் முதல் வசனத்தை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒன்று கேட்கிறேன், தங்கச்சி. அவள் பேசி முடித்தவுடன் பிழை பிடிக்காதீர்கள். உங்கள் மனதில் தங்கிய ஒன்றைச் சொல்லுங்கள். திருத்தம் விடிந்த பிறகு.

பேசும்போது இடையில் மறந்துவிட்டால் என்ன செய்வது?
– தரம் 11 மாணவன், மூதூர்

தம்பி, வாயை மூடி ஒரு மூச்சு எடுங்கள். அந்த இரண்டு செக்கன் உங்களுக்குத்தான் நீளம், சபைக்கு அது தெரியாது. 'வந்து, வந்து' என்று இழுத்தால்தான் தெரியும். பிறகு கடைசியாகச் சொன்னதை வேறு விதமாகச் சொல்லுங்கள், அடுத்தது தானாக வரும். வராவிட்டால் கடைசி வசனத்துக்குப் போய்விடுங்கள். மூன்று நிமிடத்தில் ஒழுங்காக முடித்த பேச்சு நல்ல பேச்சுத்தான்.

மேடையில் ஊர்ப் பேச்சு வரலாமா? புள்ளி குறையும் என்று பிள்ளைகளைத் தடுத்து வருகிறேன்.
– ஓர் ஆசிரியை, உப்புவெளி

சொந்தக் கருத்தை எழுத்துத் தமிழில் சொல்வதுதான் மேடை வழக்கம், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் சொன்னதைச் சொல்லும்போது அவர் வாயில் வந்தபடியே வரட்டும். ஒரு பிள்ளை தன் அப்பப்பாவைப் பற்றிப் பேசினாள். "கடல் கத்துது, இண்டைக்கு வள்ளம் இறக்காதேங்கோ" என்று அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். புள்ளித்தாளைப் பார்த்தபடி இருந்த மூன்று நடுவர்களும் நிமிர்ந்தார்கள்.