மன்ச் இடம் மாறினால் ஸ்பின்-ஆஃப் ஆகிவிடுமா?

கேள்வி: அலுவலக வினாடி வினாவுக்குக் கேள்விகள் தயாரிக்கிறேன். 'ஹோமிசைட்: லைஃப் ஆன் த ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்க போலீஸ் தொடரின் துப்பறிவாளர் மன்ச், 'லா அண்ட் ஆர்டர்: எஸ்.வி.யு.' தொடரிலும் வருகிறார். நடிகரும் அவரே. அப்படியானால் எஸ்.வி.யு., ஹோமிசைடின் ஸ்பின்-ஆஃப், அதாவது அதிலிருந்து கிளைத்த தொடர், என்று விடை போடலாமா?

பதில்: வேண்டாம். விவரம் தெரிந்த யாராவது எழுந்து சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான் இருக்கும்.

ஹோமிசைட் 1999 மே மாதம் முடிந்தது, எஸ்.வி.யு. அதே செப்டம்பரில் தொடங்கியது. ரிச்சர்ட் பெல்ஸர் மன்ச்சாகவே அங்கிருந்து இங்கே வந்துவிட்டதால் ஒன்றிலிருந்து ஒன்று பிறந்ததுபோலத் தோன்றுகிறது. உண்மையில் எஸ்.வி.யு., 'லா அண்ட் ஆர்டர்' தொடரை உருவாக்கிய டிக் வுல்ஃப் அதற்கே கிளையாகக் கொண்டுவந்தது. பாலியல் குற்றங்களை விசாரிக்கும் நியூயார்க் போலீஸ் பிரிவின் கதை. மன்ச் இல்லாமலும் அது நிற்கும். இதே மன்ச் 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்', 'தி வயர்' தொடர்களிலும் தலைகாட்டியிருக்கிறார். ஆள் வந்ததை வைத்து உறவு சொன்னால் அவற்றையும் சேர்க்க வேண்டிவரும்! "இரண்டு தொடரிலும் வந்த துப்பறிவாளர் யார்?" என்று கேட்டுவிடுங்கள், வம்பில்லை.

புதிய தொடர் பழையதன் உலகத்திலிருந்து தன் மையத்தை எடுத்துக்கொண்டிருக்கிறதா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 'சியர்ஸ்' தொடரில் பாஸ்டன் மதுக்கூடத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மனநல மருத்துவர் ஃபிரேசியரை 1993-இல் சியாட்டிலுக்கு அனுப்பி, வானொலியில் ஆலோசனை சொல்ல வைத்தார்கள். அப்படி வந்ததுதான் 'ஃபிரேசியர்'. 'பெட்டர் கால் சால்', 'பிரேக்கிங் பேட்' தொடரின் முன்கதையாயிற்றே என்பார்கள். சரி, முன்கதையும்தான், ஸ்பின்-ஆஃபும்தான். பழைய முகங்கள் வந்தாக வேண்டும் என்றும் இல்லை. 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' நடக்கும் காலத்தில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாயகன் ஜான் ஸ்னோ பிறக்கவே இல்லை, ஆனாலும் அது அந்தத் தொடரின் ஸ்பின்-ஆஃப்தான்.

அமெரிக்க 'தி ஆஃபீஸ்' வேறு ரகம். பிரிட்டிஷ் மூலம் இல்லாமல் அது இல்லை, ஆனால் அந்தக் கதையிலிருந்து கிளைக்கவில்லை. அதையே புது ஆட்களை வைத்து எடுத்த ரீமேக். நம் சேனல்களில் இரண்டு சீரியல் குடும்பங்களைச் சில நாள் ஒன்றாக ஓட்டும் மகாசங்கமமும் இதில் சேராது. முடிந்ததும் அவரவர் கதைக்குத் திரும்பிவிடுகிறார்களே!

குழப்பும் கேள்விதான் வேண்டுமென்றால் 'என்.சி.ஐ.எஸ்.' எடுங்கள். 'ஜாக்' என்ற கடற்படை வழக்கறிஞர் தொடரின் எட்டாவது சீசனில், 2003-இல், நாயகன் ஹார்ம் மீது கொலைச் சந்தேகம் விழுகிறது. அதை விசாரிக்க கடற்படைக் குற்றப் புலனாய்வுப் பிரிவான என்.சி.ஐ.எஸ்.ஸிலிருந்து கிப்ஸும் அவர் குழுவும் வருகிறார்கள். இரண்டே எபிசோடுகள். புதுத் தொடரின் வெள்ளோட்டத்தைப் பழைய தொடருக்குள்ளேயே நடத்திப் பார்க்கும் தந்திரம் இது, ஹாலிவுட்டில் சகஜம். அதே செப்டம்பரில் என்.சி.ஐ.எஸ். தனித் தொடரானது. 'ஜாக்' 2005-இல் முடிந்துவிட்டது. என்.சி.ஐ.எஸ்.ஸோ இருபது சீசன் தாண்டி, தானும் பல கிளைகள் விட்டது. மூலம் எது என்று கேட்டால் தீவிர ரசிகர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.